வீட்டில் திறக்கும் நாஸ், வெளியில் ஏன் திறப்பதில்லை?

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டுக் கூடத்து அலமாரியில், இரண்டு வன்தட்டுகள் கொண்ட நாஸ் (NAS, கோப்புகளைச் சேமித்து வலையமைப்பு வழியே எடுத்துத் தரும்) பெட்டி ஒன்று மூன்று ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கிறது. குடும்பத்தின் பழைய நிழற்படங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. திருவொற்றியூரில் குடியிருக்கும் தங்கை தன் கைப்பேசியிலிருந்தே அவற்றைத் திறந்து பார்ப்பாள். இணைய இணைப்பை வேறு நிறுவனத்துக்கு மாற்றிய மறுநாள், "அண்ணா, பாஸ்வேர்டு மாத்திட்டியா? உள்ளயே போக மாட்டேங்குது" என்று கேட்டாள். கடவுச்சொல்லை நான் தொடவே இல்லை.

நாஸ் என்பது தனக்கென இயங்குதளமும் பயனர் கணக்குகளும் உள்ள ஒரு சிறு கணினி. கடவுச்சொல்லைச் சரிபார்ப்பது அதற்குள் நடக்கும் வேலை. ஆகவே 'கடவுச்சொல் தவறு' என்று திரை சொன்னால், கோரிக்கை பெட்டி வரை நல்லபடியாகப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று பொருள். 'இணைக்க முடியவில்லை' என்று வந்தாலோ, வெறுமனே சுற்றிக்கொண்டிருந்து நின்றுபோனாலோ, பழுது வழியில் இருக்கிறது. தங்கை கண்டது இரண்டாவது வகை. இந்த நிலையில் கடவுச்சொல்லை மாற்றுவது, இருக்கும் கோளாறோடு புதிதாக ஒன்றைச் சேர்ப்பதாகவே முடியும்.

முதலில் வீட்டுக்குள்ளேயே சோதித்தேன். புதிய ரவுட்டர் நாஸுக்கு வேறு ஐ.பி. முகவரியை, அதாவது வலையமைப்பில் அதை அடையாளம் காட்டும் எண்ணை, கொடுத்திருந்தது. சென்னையில் கதவு எண் எழுதும்போது பழைய எண், புதிய எண் என்று இரண்டையும் எழுதுகிறோம். ரவுட்டர் அப்படி எதையும் நினைவில் வைத்திருப்பதில்லை. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் நாஸின் வன்பொருள் முகவரியை (பெட்டியிலேயே பதிந்திருக்கும் MAC எண்ணை) குறித்து, இந்தப் பெட்டிக்கு எப்போதும் இதே எண் என்று ஒதுக்கிவைத்துவிட்டால், மின்சாரம் போய்வந்தாலும் எண் மாறாது. அதைச் செய்ததும் வீட்டில் நாஸ் திறந்தது. திருவொற்றியூரில் திறக்கவில்லை.

இதற்கான காரணத்தை, வண்ணாரப்பேட்டையின் பழைய ஒண்டுக்குடித்தன வீடுகளை அறிந்தவர்களிடம் எளிதாகச் சொல்லலாம். தெருவாசலுக்கு ஒரே எண். உள்ளே பல குடும்பங்கள். வீட்டுக்குள் புழங்கும் 192.168 என்று தொடங்கும் முகவரிகள் அந்த உள்அறைகளைப் போன்றவை. 1994 முதல் தனிப்பயன்பாட்டுக்கென ஒதுக்கப்பட்ட அவை ஒவ்வொரு வீட்டிலும் திரும்பத் திரும்ப வருவதால், வெளியுலகில் அவற்றுக்குப் பொருள் கிடையாது. வெளியே தெரிவது ரவுட்டரின் பொது முகவரி ஒன்றுதான். உள்ளிருந்து கிளம்பும் கோரிக்கையை ரவுட்டர் குறித்துவைத்துக்கொள்வதால், அதற்கான பதில் சரியான அறைக்கு வந்துவிடும். ஆனால் வெளியிலிருந்து தானாக வந்து தட்டுபவரை எந்த அறைக்கு அனுப்புவது என்று அதற்குத் தெரியாது. இன்ன போர்ட் எண்ணை (எந்தச் சேவையைத் தேடி வருகிறார் என்று காட்டும் எண்ணை) சொல்லி வருபவரை நாஸிடம் அனுப்பு என்று முன்கூட்டியே எழுதிவைப்பதைத்தான் போர்ட் திருப்பல் என்கிறார்கள்.

அதையும் எழுதிவைத்தேன், பயனில்லை. பிறகு ரவுட்டர் தன் வெளிமுகவரி என்று காட்டிய எண்ணையும், என் முகவரியை வெளியிலிருந்து பார்த்துச் சொல்லும் இணையப் பக்கம் காட்டிய எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் வேறுவேறு. ரவுட்டரில் இருந்த எண் 100.72 என்று தொடங்கியது. 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரிகள், இணைய நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளர்களுக்குள் பங்கிட்டுக்கொள்வதற்காகவே 2012இல் ஒதுக்கப்பட்டவை. அதாவது என் வீடு மட்டுமல்ல, பல வீடுகள் சேர்ந்து ஒரே தெருவாசலுக்குப் பின்னால் ஒண்டுக்குடித்தனம் இருக்கின்றன. அந்த வாசலில் குறிப்பு எழுதிவைக்கும் உரிமை எனக்கு இல்லை. இதுவரை சொன்ன வகை ஐ.பி. முகவரிகள் 32 பிட் நீளமுள்ளவை, அவை மொத்தமே ஏறத்தாழ 430 கோடிதான் என்பதும், உலகப் பொதுக் கையிருப்பில் மிஞ்சியிருந்த தொகுப்புகள் 2011 பிப்ரவரியில் பகிர்ந்து முடிந்துவிட்டன என்பதும் இந்த நெருக்கடிக்குக் காரணம்.

வழிகள் சில உண்டு. தனிப் பொது முகவரியைக் கட்டணம் கட்டிக் கேட்டுப் பெறலாம். இரு முனைகளிலும் ஐ.பி.வி.6 (இன்னும் நீளமான முகவரிகள் கொண்ட புதிய முறை) கிடைத்தால் அதைப் பயன்படுத்தலாம். நான் தேர்ந்தது இடைவழங்கி முறையை: நாஸே உள்ளிருந்து வெளியேயுள்ள ஒரு வழங்கியை (சர்வரை) அழைத்து, அந்த இணைப்பை அறுபடாமல் வைத்திருக்கும், தங்கையும் அதே வழங்கிக்கு வந்து சேர்வாள். உள்ளிருந்து கிளம்பும் அழைப்பை இத்தகைய வாசல்கள் பொதுவாகத் தடுப்பதில்லை என்பதே இதன் சூட்சுமம். வேகம் சற்றுக் குறைவு. ஆனாலும், நாஸின் உள்நுழைவுப் பக்கத்தை ஊரறியத் திறந்துவைப்பதைவிட இது எனக்குப் பிடித்திருக்கிறது. 2022 ஜனவரியில் பரவிய டெட்போல்ட் என்ற பணயத் தீநிரல் (கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரேன்சம்வேர்), இணையத்தில் நேரடியாகத் திறந்திருந்த நாஸ்களுக்குள் புகுந்துதான் கோப்புகளைப் பூட்டியது.

வழி திறந்த பிறகு வருபவைதான் உண்மையான உள்நுழைவுச் சிக்கல்கள். பழைய கடவுச்சொல்லைச் சேமித்துவைத்திருக்கும் விண்டோஸ் கணினி, பின்னணியில் திரும்பத் திரும்ப அதையே அனுப்பி, தன் முகவரியை நாஸின் தடைப்பட்டியலில் ஏற்றிக்கொள்வது அவற்றுள் ஒன்று. அப்போது சரியான கடவுச்சொல்லும் செல்லாது. தடையை நீக்குவதோடு, சேமித்த கடவுச்சொல்லையும் அழிக்க வேண்டும்.

எங்களுக்கு நேர்ந்தது வேறு. பாதுகாப்புக்காக, கடவுச்சொல்லுக்குப் பிறகு கேட்கப்படும் இரண்டாம் கட்டக் குறியீட்டையும் சேர்க்க முயன்றபோது, தங்கையின் கைப்பேசி காட்டிய ஆறு இலக்கங்களை நாஸ் ஏற்க மறுத்தது. இந்தக் குறியீடு எங்கிருந்தும் அனுப்பப்படுவதன்று. கைப்பேசியும் நாஸும் ஒரே ரகசிய எண்ணையும் அந்த நேரத்து மணியையும் சேர்த்துத் தனித்தனியே கணக்கிட்டு, 30 நொடிக்கு ஒரு முறை புதிய விடையை உருவாக்குகின்றன. கடிகாரங்கள் ஒத்துப்போகாவிட்டால் விடைகளும் ஒத்துப்போகா. நாஸின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தேன்: நாஸ் ஏழு நிமிடம் பின்தங்கியிருந்தது. நேர வழங்கியோடு ஒத்திசைக்கும் வசதியை நான் இயக்கவே இல்லை. அதன் குவார்ட்ஸ் படிகம் நாளுக்கு அரை நொடிக்கும் குறைவாக நழுவி, மூன்று ஆண்டுகளில் அவ்வளவு தூரம் போய்விட்டது. ஒத்திசைவை இயக்கிவிட்டு, அடுத்த குறியீட்டைப் போடச் சொன்னேன். "வந்துடுச்சுண்ணா" என்றாள்.