"முழங்கால் தண்ணீர்தானே" என்று வண்டியை இறக்காதீர்கள்

வெள்ள மீட்புப் பணியில் இருக்கிறேன். தண்ணீரில் மாட்டிய வண்டியிலிருந்து யாரை வெளியே எடுத்தாலும் ஏறக்குறைய ஒரே வார்த்தைதான்: "முழங்கால் அளவுதானே சார் இருந்தது." இந்த வாரமும் கேட்டேன். பின் இருக்கையில் குழந்தை. அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன்.

தண்ணீர் எவ்வளவு ஆழம் என்பதை மட்டும் பார்க்காதீர்கள், ஓடுகிறதா என்று பாருங்கள். வேகமாக ஓடும் தண்ணீர் 15 செ.மீ. இருந்தாலே நல்ல திடமான ஆளைச் சாய்த்துவிடும். 30 செ.மீ. சிறிய கார்களை மிதக்க வைக்கும். 60 செ.மீ. இருந்தால் பெரும்பாலான வண்டிகளை அடித்துக்கொண்டு போய்விடும். "என்னுடையது கனமான வண்டி" என்கிறார்கள். ஒரு கன மீட்டர் தண்ணீரின் எடை 1,000 கிலோ. கார் எவ்வளவு தண்ணீரை விலக்குகிறதோ, அவ்வளவு எடை டயரின் பிடியிலிருந்து குறைந்துவிடும். பிடி போன பிறகு பிரேக்கும் ஸ்டீயரிங்கும் எதற்கு? ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்காகும். "முன்னால் பஸ் போச்சே" என்று கிளம்பாதீர்கள். அது போன பிறகு தண்ணீர் ஏறியிருக்கலாம், அடியில் தார் பெயர்ந்திருக்கலாம். கலங்கல் தண்ணீருக்குக் கீழே சாலை மிச்சம் இருக்கிறதா என்பது எங்களுக்கே தெரியாது. திரும்பிப் போங்கள். தாமதமானால் ஆகட்டும்.

உங்கள் தலைக்கு மேல் வானம் வெளுத்திருப்பதையும் நம்ப வேண்டாம். மேட்டுப் பகுதியில் பெய்த மழை சில மணி நேரம் கழித்துத்தான் கீழே வந்து சேரும்.

சரி, மாட்டிக்கொண்டால்? தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தால் வண்டிக்குள் உட்கார்ந்து போன் பேசாதீர்கள். சீட் பெல்ட்டைக் கழற்றுங்கள், பக்கக் கண்ணாடியை உடனே இறக்குங்கள், குழந்தைகளை முதலில் வெளியே விடுங்கள். கதவோடு மல்லுக்கட்ட வேண்டாம், வெளியே தண்ணீரின் அழுத்தம் திறக்க விடாது. முன்கண்ணாடியையும் உடைக்கப் பார்க்காதீர்கள், அது நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய அடுக்குக் கண்ணாடி, லேசில் உடைந்து வழிவிடாது. வெளியே வந்ததும் வண்டியின் கூரைமேல் ஏறிக்கொள்ளுங்கள். ஓட்டம் இழுத்துவிட்டால் எழுந்து நிற்க முயலக் கூடாது. கல்லிடுக்கில் கால் மாட்டினால் தண்ணீர் உங்களை அழுத்திவிடும். மல்லாந்து, கால்களை ஓட்டம் போகும் பக்கம் நீட்டிக்கொண்டு மிதந்தபடியே கரைப் பக்கம் ஒதுங்குங்கள்.

காப்பாற்ற ஓடி வருகிறவர்களே, உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு குதிக்காதீர்கள். கரையில் இருப்பவர்கள் கயிற்றை இழுத்துப் பிடிக்கப் பிடிக்க, ஓட்டம் உங்களை அடியில் அமுக்கும். நாங்களே உடனே கழற்றிவிடக்கூடிய பட்டையும் உயிர்காக்கும் ஜாக்கெட்டும் இல்லாமல் இறங்குவதில்லை. கரையில் நின்றபடியே கயிற்றையோ காலிக் கேனையோ வீசுங்கள்.

வீட்டுக்குள் தண்ணீர் வருமுன்பே மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். ஈரத்தில் நின்றுகொண்டு அதைத் தொடவே கூடாது. ஜெனரேட்டரை வீட்டுக்குள் ஓட்டாதீர்கள், அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு மூச்சை நிறுத்திவிடும். அப்புறம், வெள்ளத்தை வேடிக்கை பார்க்கக் குழந்தைகளைக் கரைக்குக் கூட்டிப் போகாதீர்கள். அடிமண் அரித்துப் போயிருப்பது மேலே நிற்பவர் கண்ணுக்குத் தெரியாது.