பத்து மணி நேர லேஓவரில் ஊர் சுற்றப் போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

கும்பகோணத்தில் விமான டிக்கெட் போட்டுத் தரும் கடை வைத்திருக்கிறேன். சமீபத்தில் மன்னார்குடிப் பக்கத்துப் புதுமணத் தம்பதி ஒன்று தேனிலவுக்குக் கிளம்பி, திருச்சி விமான நிலையத்திலிருந்தே பெட்டியோடு வீடு திரும்பியது. போக நினைத்த இடம் பாலி. வழியில் விமானம் மாற சிங்கப்பூரில் பத்து மணி நேரம் இடைவெளி (இதைத்தான் லேஓவர் என்கிறார்கள்), அதற்குள் ஊரை ஒரு சுற்று பார்த்துவிடலாம் என்பது திட்டம். திருச்சியிலிருந்து சிங்கப்பூர் ஒரு நிறுவனம், சிங்கப்பூரிலிருந்து பாலி வேறொரு நிறுவனம். மாப்பிள்ளையே செல்போனில் தனித்தனியாகப் போட்ட டிக்கெட்டுகள். சிங்கப்பூர் விசா எடுக்கவில்லை. கவுண்டரில் இருந்த பெண் ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருக்கிறார்: "சிங்கப்பூர்ல இறங்கிப் பெட்டியை எப்படி எடுப்பீங்க?"

அப்புறம் எனக்குப் போன். டிக்கெட் போடும்போது என் ஞாபகம் வரவில்லை, பணம் திரும்பக் கிடைக்குமா என்று கேட்க மட்டும் வந்திருக்கிறது. கிடைக்காது.

இதே கதையை வேறு வேறு ஊர்ப் பெயர்களோடு கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே நம்பிக்கை: "டிரான்சிட்டுக்கு விசா வேண்டாம், அதனால் வெளியே போய்ச் சுற்றிவிட்டு வரலாம்." நம்மூர்க்காரர்களுக்கு இது ஏன் இவ்வளவு இயல்பாகத் தோன்றுகிறது என்று எனக்குப் புரிகிறது. மயிலாடுதுறை ஜங்ஷனில் அடுத்த ரயிலுக்கு இரண்டு மணி நேரம் இருந்தால் வெளியே போய் டிபன் சாப்பிட்டுவிட்டு வருகிறோம், யாரும் தடுப்பதில்லை. விமான நிலையத்தையும் அப்படியே நினைத்துக்கொள்கிறார்கள்.

விமான நிலையத்துக்குள் ஒரு கோடு இருக்கிறது. அதுதான் இமிகிரேஷன் கவுண்டர். விமானத்தை விட்டு இறங்கி, அந்தக் கவுண்டரைத் தாண்டாமல் அடுத்த விமானம் ஏறினால் நீங்கள் அந்த நாட்டுக்குள் நுழையவே இல்லை. சிங்கப்பூர், துபாய் போன்ற இடங்களில் விசா வேண்டாம் என்று சொல்வது இதற்கு மட்டும்தான். கவுண்டரைத் தாண்டி ஓர் அடி வைத்தால், அது பத்து நிமிடமானாலும் பத்து நாளானாலும், அந்த நாட்டுக்குப் போனதாகவே கணக்கு. அதற்கு என்ன விசாவோ அது வேண்டும். கையில் அடுத்த விமானத்தின் போர்டிங் பாஸ் இருக்கிறது, பிசினஸ் கிளாஸ் டிக்கெட், மச்சான் அங்கே சிட்டிசன், எதுவும் அந்தக் கவுண்டரில் செல்லாது. அமெரிக்கா மாதிரி சில நாடுகளில் கோட்டைத் தாண்டாமல் விமானம் மாறுவது என்ற ஏற்பாடே கிடையாது; வழியில் இறங்கி ஏறுவதற்கே விசா வேண்டும்.

"சரி, நான் வெளியே போகப் போறதில்லை, அப்ப ஒண்ணும் பிரச்சினை இல்லையே?" என்பார்கள். டிக்கெட் ஒரே பி.என்.ஆர்.-இல், அதாவது ஒரே முன்பதிவு எண்ணில் இருந்தால் பிரச்சினை இல்லை. திருச்சியில் போட்ட பெட்டி நேரே கடைசி ஊரில்தான் வரும், நீங்கள் கைவீசிக்கொண்டு போகலாம். தனித்தனி டிக்கெட் என்றால் பெரும்பாலும் பெட்டி நடுவழியில் இறங்கிவிடும். அதை எடுக்கும் பெல்ட் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. தாண்ட விசா இல்லை. ஆகவே திருச்சியிலேயே ஏற்ற மாட்டார்கள். மாப்பிள்ளை இரண்டு டிக்கெட்டாகப் போட்டு மிச்சம் பிடித்தது சில ஆயிரம். போனது மொத்தமும்.

இதில் என்னை ரொம்பவும் படுத்துவது சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்து அருவி. ரீல்ஸில் பார்க்காத ஆள் இல்லை. "ஏன் தம்பி, அது ஏர்போர்ட்டுக்குள்ளதானே இருக்கு? அதைப் பார்க்க எதுக்கு விசா?" நாச்சியார்கோவில் பெரியவர் ஒருவர் இதைக் கேட்டுக் கடையில் அரை மணி நேரம் என்னோடு வாதாடினார். 40 மீட்டர் உயரம், கட்டடத்துக்குள் விழும் அருவிகளில் உலகத்திலேயே உயரமானது, எல்லாம் உண்மை. ஆனால் அந்த அருவி இருக்கும், 2019-இல் திறந்த ஜுவல் கட்டடம் சிங்கப்பூர் மக்களும் வந்து போகும் பொது இடம். அதாவது கோட்டுக்கு வெளியே. விசா இல்லாதவர்கள் டெர்மினல் 2-க்கும் 3-க்கும் இடையே ஓடும் ஸ்கைட்ரெயினில் ஏறி, ஜன்னல் வழியாக ஒரு பார்வை பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். சாங்கி நடத்தும் இலவச நகரச் சுற்றுலாவும் இப்படித்தான். ஐந்தரை மணி நேரத்துக்குக் குறையாமலும் 24 மணி நேரத்துக்கு உட்பட்டும் இடைவெளி இருப்பவர்களை இரண்டரை மணி நேரம் பஸ்ஸில் சுற்றிக் காட்டுகிறார்கள். பஸ்தான் இலவசம். இந்திய பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டும் என்பது அதனால் மாறவில்லை.

ஒரு சலுகை இருக்கிறது. ஆஸ்திரேலியா, கனடா, ஜெர்மனி, ஜப்பான், நியூசிலாந்து, சுவிட்சர்லாந்து, பிரிட்டன், அமெரிக்கா, இவற்றில் ஒரு நாட்டின் செல்லுபடியாகும் விசா கையில் இருந்தால், சிங்கப்பூர் 96 மணி நேரம் வரை விசா இல்லாமல் உள்ளே விடலாம். "விடலாம்" என்று கவனமாகத்தான் எழுதுகிறேன். முடிவு கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் அதிகாரியுடையது. ஒருமுறை மட்டும் நுழையும் விசாவாக இருந்தால், போகும்போது இந்தச் சலுகை கிடையாது, திரும்பும்போது மட்டும்தான். பிள்ளைகளைப் பார்க்க மெல்போர்ன் போகும் அப்பா அம்மாக்களே, உங்கள் விசாவில் எத்தனை நுழைவு என்று போட்டிருக்கிறது என்பதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு தடவை பாருங்கள்.

விசாவே வேண்டாத ஊரில் லேஓவர் பிடிப்பது புத்திசாலித்தனம். நான் சொல்வது கோலாலம்பூர். 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா தேவையில்லை. இப்போதைக்கு 2026 டிசம்பர் 31 வரை நீட்டித்திருக்கிறார்கள். இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் ஆன்லைனில் வருகை அட்டை நிரப்ப வேண்டும். சிங்கப்பூருக்குள் போவதானாலும் இதே மாதிரி ஒன்று உண்டு. இரண்டும் இலவசம். பணம் கேட்டால் அது போலித் தளம், மூடிவிடுங்கள்.

இனி நேரக் கணக்கு. "ஒன்பது மணி நேரம் இருக்கு, பத்துமலை முருகனைப் பார்த்துட்டு, இரட்டைக் கோபுரம் பார்த்துட்டு, துணியும் எடுத்துட்டு வந்துடலாம்." வந்துவிட முடியாது. விமானம் தரைதொட்டதிலிருந்து இமிகிரேஷன் வரிசை முடிந்து வெளியே வர ஒரு மணி நேரம் வையுங்கள், கூட்டமானால் ஒன்றரை. நகரம் விமான நிலையத்திலிருந்து 50 கிலோமீட்டருக்கு மேல். எக்ஸ்பிரஸ் ரயில் முதல் டெர்மினலிலிருந்து நகரின் முக்கிய ரயில் நிலையமான கே.எல். சென்ட்ரலுக்கு 28 நிமிடம், இரண்டாவதிலிருந்து 33. பிளாட்பாரம் தேடி, டிக்கெட் வாங்கிக் காத்திருக்கும் நேரம் தனி. அங்கிருந்து பத்துமலைக்கு இன்னொரு ரயில். திரும்பும்போது விமானம் புறப்பட மூன்று மணி நேரம் முன்னதாக நிலையத்தில் இருங்கள் என்று பெரியவர்களிடம் சொல்கிறேன். இளைஞர்கள் இரண்டரை என்று பேரம் பேசுவார்கள். சரி, பேசட்டும். எப்படிக் கழித்தாலும் ஒன்பதில் உங்கள் கையில் மிஞ்சுவது மூன்றரை, நான்கு மணி நேரம். ஓர் இடம்தான்.

அது பத்துமலையாக இருந்தால் போய் வாருங்கள். 272 படிகள், முழங்கால் வலிக்காரர்கள் கீழே நின்றே 42.7 மீட்டர் முருகனைக் கும்பிடலாம். 2006-இல் திறந்த அந்தச் சிலையை வடித்தவர் நம் திருவாரூர் ஸ்தபதி தியாகராஜன். படியில் குரங்குகள் பையைப் பிடுங்கும், பாஸ்போர்ட்டைத் தொங்குபையில் வைக்காதீர்கள். இடைவெளி ஆறு, ஏழு மணி நேரம்தான் என்றால் கோலாலம்பூரை மறந்துவிட்டு, மலேசிய அரசு அலுவலகங்கள் இருக்கும் புத்ராஜெயா போங்கள். யாரும் கேட்பதில்லை, நானாகத்தான் சொல்கிறேன். எக்ஸ்பிரஸில் ஏறாமல், நின்று போகும் டிரான்சிட் ரயிலில் ஏறினால் சுமார் 20 நிமிடம். ஏரிக்கரையில் இளஞ்சிவப்பு மசூதி, அகலமான சாலைகள், நெரிசல் இல்லை. நிம்மதியாக உட்கார்ந்துவிட்டு வரலாம். ஐந்து மணி நேரத்துக்குக் கீழே என்றால் எந்த ஊரிலும் வெளியே போகாதீர்கள். சாங்கிக்குள்ளேயே பட்டாம்பூச்சித் தோட்டம், கள்ளிச்செடித் தோட்டம், இலவச சினிமா எல்லாம் கோட்டுக்கு உள்பக்கம் இருக்கின்றன.

துபாய் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 48 மணி நேரம், 96 மணி நேரம் என்று டிரான்சிட் விசா உண்டு, அதை விமான நிறுவனம் வழியாக முன்கூட்டியே எடுக்க வேண்டும். டெர்மினல் 1, 3 இரண்டிலும் மெட்ரோ உண்டு, 2-இல் கிடையாது. ஜூன், ஜூலையில் பகலில் வெளியே அலைய நினைக்காதீர்கள். மாலை என்றால் ஒரு திர்ஹம் கொடுத்து அப்ரா படகில் துபாய் க்ரீக் என்னும் ஓடையைக் கடந்து பாருங்கள்.

கைக்கடிகாரத்தை மாற்றுங்கள். சிங்கப்பூரும் மலேசியாவும் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். செல்போன் தானாக மாறிக்கொள்ளும், உங்கள் பழைய வாட்ச் மாறாது. வாட்சைப் பார்த்து "இன்னும் நேரம் இருக்கு" என்று கடையில் நின்றுகொண்டிருந்தவர்கள் உண்டு. வீல்சேர் கேட்டிருந்தால் அது உங்களை அடுத்த கேட்டுக்குக் கொண்டுபோய் விடுவதற்கு, ஊர் சுற்றுவதற்கு அல்ல. நடுவில் நழுவினால் உங்களைத் தேடி அவர்கள் அலைவார்கள். சர்க்கரை மாத்திரை கைப்பையில் இருக்கட்டும். இன்னொன்று, தயவுசெய்து: மகளுக்குக் குருமா வைக்க என்று கசகசாவைப் பொட்டலம் கட்டி வைக்காதீர்கள். சிங்கப்பூரிலும் துபாயிலும் அது தடைசெய்த பொருள். வெளியே போனால் சுங்கத்தையும் தாண்ட வேண்டும் என்பது பலருக்கு நினைவே வருவதில்லை. மெல்லும் புகையிலையும் அப்படியே.

இதெல்லாம் நாம் போகும்போது. அங்கிருந்து நம் சொந்தங்கள் வரும்போதும் இதே கூத்துதான். பினாங்குக் குடும்பம் ஒன்று காலையில் திருச்சியில் இறங்குகிறது, ராத்திரி சென்னை விமானம். நடுவில் நவக்கிரகக் கோயில் ஒன்பதையும் பார்த்துவிட வேண்டுமாம். திருவையாறு பக்கத்துத் திங்களூர் எங்கே, காரைக்கால் பக்கத்துத் திருநள்ளாறு எங்கே, கடலோரத்துத் திருவெண்காடு எங்கே! கூகுள் மேப் தூரத்தைச் சொல்லும், நடை சாத்துவதைச் சொல்லாது. பெரிய கோயில் பகல் 12.30-க்குச் சாத்தினால் நான்கு மணிக்குத்தான் திறக்கும். பதினொன்றுக்குத் திருச்சியில் இறங்கி, தஞ்சாவூருக்குப் பறந்து போய், பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு வந்தவர்களை எனக்குத் தெரியும். ஆயிரம் வருடத்துக்கு முன்னால், 1010-இல் கட்டி முடித்த கோயில், எங்கேயும் ஓடிவிடாது, அடுத்த தடவை பாருங்கள்.

காலை ஏழு மணிக்குள் வெளியே வந்துவிட்டால் தஞ்சாவூர் போகலாம், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒன்பது, பத்து மணி என்றால் திருவானைக்காவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அங்கே உச்சிக்காலப் பூஜையில் அர்ச்சகர் புடவை கட்டிக்கொண்டு அகிலாண்டேஸ்வரியாக வந்து சுவாமிக்குப் பூஜை செய்வதைப் பார்க்கலாம். நம்மூரிலேயே பலர் பார்த்ததில்லை. மதியம் இறங்குபவர்கள் கல்லணைக்குப் போங்கள், அதற்கு நடை சாத்துவது கிடையாது. ஸ்ரீரங்கத்தை "ஒரு எட்டு" பார்த்துவிட்டு வரலாம் என்று யாரும் சொன்னால் நம்ப வேண்டாம். 156 ஏக்கர், ஏழு பிராகாரம். வைகுண்ட ஏகாதசி சமயத்தில் அந்தப் பக்கமே வேண்டாம். ஆடிப்பெருக்கு அன்று அம்மா மண்டபம் வழியாகக் கார் விடுவதும் வேண்டாம். விமானம் ஏற வேண்டிய நாளில் போக்குவரத்தோடு சண்டை போட முடியாது.

மலேசிய பாஸ்போர்ட் வைத்திருக்கும் அத்தை மாமாக்களுக்கும் சொல்லிவையுங்கள்: தமிழ் பேசுவது விசா ஆகாது. திருச்சியில் இ–விசாவில் இறங்கலாம், ஆனால் நான்கு நாட்களாவது முன்னதாக விண்ணப்பிக்க வேண்டும். விமானம் ஏறும் அன்று காலையில் எனக்கு வாட்ஸ்அப் அனுப்பினால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது.

டிக்கெட்டை எங்கே வேண்டுமானாலும் வாங்குங்கள், என்னிடம்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. பணம் கட்டும் முன் அந்த ஸ்கிரீனையும் பாஸ்போர்ட்டையும் எந்த ஏஜென்டிடமாவது காட்டி மூன்று கேள்வி கேளுங்கள்: இரண்டும் ஒரே பி.என்.ஆரா, பெட்டி எந்த ஊரில் வரும், நடுவில் வெளியே போக எனக்கு என்ன வேண்டும். நான் இதைப் பார்த்துச் சொல்லக் காசு வாங்குவதில்லை. கடை ராத்திரி எட்டரை வரை திறந்திருக்கும்.