தூண்டில் வளைவு: ஒரு சொல் விளக்கம்

“கடல் கரைய எடுக்கு” என்றுதான் எங்கள் பக்கம் சொல்வார்கள். கடல் அரிப்பு என்பது மனுவிலும் செய்தித்தாளிலும் வருகிற சொல். உவரி, கூத்தங்குழி, இடிந்தகரை, பெருமணல், கூட்டப்புளி என்று நெல்லைக் கடலோரத்தில் எந்த ஊரில் இந்தப் பேச்சு எழுந்தாலும் கூடவே இன்னொரு சொல்லும் வந்துவிடும்: தூண்டில் வளைவு.

கரையிலிருந்து கடலுக்குள் பாறாங்கல் கொட்டி நீட்டிய கை அது. நுனி மட்டும் தூண்டில் முள்ளைப் போல ஒரு பக்கமாக மடங்கியிருக்கும். பொறியாளர்கள் ‘கிராய்ன்’ என்பார்கள். பன்றியின் மூஞ்சியைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து அது வந்ததாகக் கருதுகிறார்கள். கடலுக்குள் முட்டிக்கொண்டு நிற்பது அவர்கள் கண்ணுக்கு மூஞ்சியாகத் தெரிந்திருக்கிறது. நம் மீனவர் கண்ணுக்குக் கையில் இருக்கும் தொழில் கருவியாகவே தெரிந்தது.

தூண்டில் பழைய சொல். குறுந்தொகை 54ஆம் பாடலில், யானை வளைத்துப் பிடித்துக் கைவிட்ட மூங்கில், மீன் பிடித்த தூண்டிலைப் போல விசையோடு மேலே எழுகிறது. பாடியவர் பெயரே மீனெறி தூண்டிலார் என்று நின்றுவிட்டது. அங்கே தூண்டில் என்பது கோல். கடற்கரைப் பேச்சில் முள்ளையே தூண்டில் என்கிறோம். கல்வளைவுக்குப் பெயர் கொடுத்தது இந்த முள்தான்.

பெயரில் வளைவு இருப்பதற்குக் காரணம் உண்டு. அலை கரைக்கு நேராக வருவதில்லை, சாய்ந்து வருகிறது. ஏறும்போது மணலைச் சாய்வாகக் கொண்டுவந்து போடும், இறங்கும்போது நேராக இழுக்கும். இப்படியே மணல் கரையோரமாக நகர்ந்துகொண்டே இருக்கிறது. நீவாடும், அதாவது கடல் நீரோட்டமும், அதைத் தள்ளிக்கொண்டு போகும். குறுக்கே கல் நின்றால் மணல் அங்கே தங்கும். நேரான கல்லே இந்த வேலையைச் செய்துவிடும். நுனியை மடக்குவது உள்ளே அலை அடங்கிய ஒரு மடி கிடைப்பதற்காக. அந்த மடியில்தான் வள்ளத்தைப் பயமில்லாமல் இறக்கவும் ஏற்றவும் முடியும். ஆகவே மீனவர் தூண்டில் வளைவு கேட்கும்போது ஊரைக் காக்கக் கரையும் கேட்கிறார், தொழில் செய்ய இடமும் கேட்கிறார்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சில வருடங்களுக்கு முன் ஊருக்காக ஒரு மனு எழுதினேன். பேச்சு வழக்கில் இருப்பதுபோலவே ‘தூண்டில் வளைவுப் பாலம்’ என்று எழுதி, கீழே ‘கடல் அரிப்புத் தடுப்புச்சுவர்’ என்றும் சேர்த்தேன். இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன். வந்தது கரையை ஒட்டிய நேர்ச்சுவர். வீடுகள் தப்பின, உண்மை. ஆனால் வள்ளம் இழுத்துவைக்க மணல் இல்லை. சுவரில் மோதித் திரும்பும் அலை அடியில் இருந்த மணலையும் வாரிக்கொண்டு போய்விட்டது.

பாலம் என்ற ஒட்டுச்சொல்லை விட்டுவிடலாம். கல்மேல் நடந்து போக முடிகிறது என்பதால் ஒட்டிக்கொண்ட சொல் அது.

வளைவும் எல்லாருக்கும் நல்லது செய்யாது. மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்றுக் காலத்தில் அதன் மேல்பக்கம், அதாவது மேற்குப் பக்கம், போய் நின்று பாருங்கள். மணல் கல்லின் தலைவரை ஏறி, வள்ளங்கள் வரிசையாகக் கிடக்கும். கல்லைத் தாண்டிக் கிழக்கே கீழ்ப்பக்கம் இறங்கினால் கரை கத்தியால் அறுத்ததுபோல நிற்கும். அந்த வெட்டில் கருமணலும் சிவப்பு மணலும் வரிவரியாகத் தெரியும், தென்னையின் வேர் காற்றில் தொங்கும். மேலே தங்கிய மணல் கீழே போக வேண்டிய மணல். சென்னையில் துறைமுகம் கட்டிய பின் தெற்கே மெரினா அகன்றதும், வடக்கே ராயபுரம் பக்கம் கரை கரைந்ததும் இதே கணக்குதான்.

அரிபட்ட அந்தப் பக்கத்துக்கு வேறொரு சொல் வேண்டும். சாய்வான கரைமேல் கல் பதித்து மூடுவதைப் பொறியாளர்கள் ‘ரிவெட்மெண்ட்’ என்கிறார்கள். உடுத்துவது என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. இதற்குப் புதுச்சொல் தேட வேண்டாம். குளத்துக்கரையின் நீர்ப்பக்கத்தை அலை அரிக்காமல் இருக்கப் பதிக்கும் கல்லுக்கு அலைகல் என்று பெயர். மடை, மறுகால் போலக் குளத்து வேலையில் பிறந்த சொல். கடலுக்கும் ஆற்றுக்கும் அதையே எடுத்துக்கொள்ளலாம் என்பது என் உறுதியான எண்ணம்.

2023 டிசம்பர் 17, 18 மழையில் தாமிரபரணி பெருகியபோது கரை பல இடங்களில் அறுந்தது. ஆறு திரும்பும் இடத்தில் வெளிக்கரையில்தான் வேகம் அதிகம், அங்கேதான் அலைகல் வேண்டும். வெறுமனே கல்லைக் கொட்டினால் நிற்காது. கல்லுக்கு அடியில் சரளை விரிக்க வேண்டும், இல்லாவிட்டால் இடுக்கு வழியாக மண் கசிந்து கல் உள்வாங்கும். அடிவரிசையை ஆற்றுப் படுகைக்குள் ஆழப் புதைக்க வேண்டும். சரிவு எப்போதும் அடியிலிருந்துதான் தொடங்கும். கரைமேல் நிற்கும் மருதமரங்களை வெட்டிவிட்டுக் கல் பதிப்பது, இருக்கிற பிடிப்பையும் அறுப்பது.

கடலோர மணல்மேட்டில் அந்தப் பிடிப்பைத் தருபவை அடம்பங்கொடியும் இராவணன் மீசை என்னும் புல்லும். அவை படர்ந்த மேட்டில் கல் தேவையே படாமல் போகலாம்.

போன மாதம் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் மனு எழுதித் தரச் சொல்லி வந்தார். “என்ன கேக்கணும் அண்ணாச்சி?” என்றேன். தரையில் குச்சியால் கோடு இழுத்துக் காட்டினார். அப்படியே எழுதினேன்: மேல்பக்கம் நுனி மடங்கிய தூண்டில் வளைவு ஒன்று, அது முடியும் இடத்திலிருந்து கீழ்ப்பக்கம் கடைசி வீடு வரை அலைகல்.