"பால் காணாது" என்று சொல்ல முன்

பிரசவமாகி இரண்டாம் நாளே தாயின் காதில் அந்தத் தீர்ப்பு விழுந்துவிடும்: "இவளுக்குப் பால் காணாது." மாமியார் சொல்வார், பார்க்க வந்தவர்கள் சொல்வார்கள். முதல் நாளில் பிள்ளைக்கு ஒரு தரத்துக்கு வேண்டியது சில மில்லிலீற்றர்தான். ஊறுகிற சீம்பால் அதற்குக் காணும். குறையைப் பெண்ணின் உடம்பில் வைத்துவிட்டால் வீட்டில் வேறு யாரும் எதையும் மாற்ற வேண்டியதில்லை என்பதுதான் இந்தப் பேச்சின் வசதி. வன்னியில் நாங்கள் போகும் வீடுகளில் பால் குறைவது பெரும்பாலும் மார்பால் அல்ல. தாய் எங்கே இருந்து கொடுக்கிறாள், என்ன சாப்பிடுகிறாள், இரவில் பிள்ளை யாரிடம் கிடக்கிறது என்று பார்த்தால் காரணம் தெரிந்துவிடும்.

வெட்கத்தை எடுப்போம். ஒற்றை அறை வீட்டில் ஆட்கள் வந்துபோக, தாய் சுவர்ப்பக்கம் திரும்பி, துவாயால் மூடிக் குனிந்து கொடுக்கிறாள். பிள்ளையின் வாய் அவளுக்குத் தெரியாது. வாய் அகலத் திறக்க முன்னே பிள்ளை காம்பை மட்டும் பிடித்துவிடும். இரண்டு நாளில் காம்பு வெடிக்கும். நோவுக்குப் பயந்து நேரத்தைத் தள்ளிப்போடுவாள், பால் கட்டும். வெளியேறாத பால் சுரப்பையே குறைத்துவிடும். பாலை இறக்கிவிடும் ஒக்சிடோசின் என்ற ஹோர்மோனும் நோவிலும் கூச்சத்திலும் தடைப்படும். பிறகு உண்மையாகவே பால் காணாது.

மூலையில் பழைய சீலையொன்றைத் திரையாகக் கட்டுங்கள். முதுகுக்குத் தலையணை வைத்து, பிள்ளையை மார்புக்குக் கொண்டுவாருங்கள். தாய் குனியக் கூடாது. பிள்ளையின் காது, தோள், இடுப்பு ஒரே கோட்டில் இருக்க வேண்டும். நாடி மார்பில் முட்டி, கீழுதடு வெளியே மடிந்து, கருவட்டம் வாய்க்கு மேலே கூடவும் கீழே குறையவும் தெரிந்தால் பிடிப்புச் சரி. நொந்தால் வாயோரத்தில் சின்னவிரலை விட்டுக் கழற்றி, மறுபடி பிடிக்க விடுங்கள்.

"அவள் நித்திரை கொள்ளட்டும்" என்று அம்மம்மா இரவில் போத்தல் கொடுப்பது அன்பால்தான். ஆனால் பாலைச் சுரக்க வைக்கும் புரோலக்டின் என்ற ஹோர்மோன் இரவில்தான் கூடுதல். பிள்ளையைத் தூக்கித் தாயிடம் கொடுக்கவும், ஏவறை எடுக்கவும், ஈரத்துணி மாற்றவும் தகப்பனுக்கும் இரண்டு கை இருக்கிறது.

பத்தியச் சரக்கில் பிழையில்லை. முப்பத்தோராம் நாள் துடக்குக் கழியும்வரை தண்ணியைக் குறைத்து, கீரை, முட்டை, பழம் விலக்குவதுதான் பிழை. பால்கொடுப்பவளுக்கு நாளுக்கு ஏறக்குறைய 500 கலோரி கூடுதலாக வேண்டும். அதாவது இன்னொரு சாப்பாடு. நடப்பதோ, அவள் கடைசியாகச் சாப்பிடுகிறாள், அவளுக்கென்று கொடுக்கும் சத்துமாவான திரிபோஷாவும் வீடு முழுக்கப் பங்காகிறது.

"ஆம்பிளைப்பிள்ளை, பசி தாங்கான்" என்று வெளிநாட்டுச் சொந்தம் அனுப்பிய பால்மா ரின்னைத் திறப்பதும் உண்டு. ஒவ்வொரு போத்தலுக்கும் ஒரு உறிஞ்சல் குறையும், சுரப்பும் குறையும். கோடையில் அடிக்குப் போன கிணற்றுத் தண்ணியில் கரைத்தால் வயிற்றோட்டம் வேறு. ஆறு மாதம்வரை தண்ணியும் தேவையில்லை.

பால் காணுமா என்பதை அழுகையால் அளக்க வேண்டாம். 24 மணித்தியாலத்தில் 8 முதல் 12 தரம் குடித்து, ஐந்தாம் நாளுக்குப் பிறகு நாளுக்கு ஆறு தரமாவது வெளிறிய சிறுநீர் போய், இரண்டு கிழமைக்குள் பிறந்த நிறைக்குத் திரும்பினால் காணும். பிள்ளை எழுப்பியும் குடிக்காமல் கிடந்தால், அல்லது தாய்க்குக் காய்ச்சலோடு மார்பு சிவந்தால், அன்றைக்கே ஆஸ்பத்திரி. மார்பு சிவந்தாலும் பால்கொடுப்பதை நிறுத்த வேண்டாம்.

ஆடைத் தொழிற்சாலைக்குத் திரும்பும் தாய்க்குப் பிள்ளையின் ஒரு வயதுவரை, 9 மணித்தியால வேலையில் இரண்டு பாலூட்டும் இடைவேளைக்குச் சட்டத்தில் உரிமை உண்டு: பாலூட்ட இடமிருந்தால் தலா 30 நிமிடம், இல்லாவிட்டால் தலா ஒரு மணித்தியாலம். கச்சான் பிடுங்கவோ களை எடுக்கவோ போகும் கூலிப்பெண்ணுக்கு அது எட்டுவதில்லை. புருசன் இல்லாதவளென்றால் உதவிக்கு முதல் விசாரணைதான் வரும். வரம்போர மரத்தில் ஏணை கட்ட இடம் விட்டு, பால்கொடுக்கும் நேரத்துக்குக் கூலி பிடிக்காமல் விடுவது வயல்காரருக்குப் பெரிய செலவில்லை.