பெட்ஷீட்ட இழுத்தா கட்டில் பள்ளம் போகுமா? ஃபேஸ்லிஃப்ட் பத்தி கொஞ்சம் பேசலாம்

கன்சல்டேஷன் ரூம்ல வந்து உக்காந்ததும் பாதி பேர் பண்றது ஒரே காரியம்தான். ரெண்டு கையையும் கன்னத்துல வெச்சு காது பக்கமா இழுத்துப் பிடிச்சுக்கிட்டு "இவ்ளோ வந்தா போதும் டாக்டர்"னு சொல்வாங்க. வாய் அகண்டு போய், கண்ணு ஓரம் இழுபட்டு, அவங்க முகமே வேற யாரோ மாதிரி இருக்கும், அதத்தான் ஆசைப்பட்டு கேக்குறாங்கன்னு அவங்களுக்கே தெரியாது. நான் அவங்கள டேபிள்ல மல்லாக்க படுக்க வெச்சு கையில ஒரு கண்ணாடிய குடுத்துடுவேன். படுத்தா தாடை ஓரத்துல தொங்குற சதை பின்னால போய் உக்காந்துக்கும், கழுத்தும் கொஞ்சம் தெளிவா தெரியும். கிட்டத்தட்ட அவ்ளோதான் சர்ஜரில கிடைக்கும்னு வெச்சுக்கோங்க. ஒரு ரிட்டயர்டு டீச்சரம்மா படுத்தபடியே ரொம்ப நேரம் பாத்துட்டு "மூக்குலருந்து வாய்க்கு வர்ற கோடு அப்படியே இருக்கே"ன்னாங்க. இருக்கும்தான். கொஞ்சம் ஆழம் குறையும், அழிஞ்சுல்லாம் போகாது.

ஃபேஸ்லிஃப்ட்ங்கிறது கன்னத்தோட கீழ்ப்பகுதி, தாடை ஓரம், கழுத்து, இதுக்கான ஆபரேஷன். கண் இமை தொங்குறதுக்கு வேற சர்ஜரி, புருவத்துக்கு வேற. மங்கு, கரும்புள்ளி, தோலோட சொரசொரப்பு இதுக்கெல்லாம் ஃபேஸ்லிஃப்ட்டோட சம்பந்தமே இல்ல. நம்ம ஊர்க்காரங்களுக்கு தோல் கொஞ்சம் தடிமன், மெலனினும் ஜாஸ்தி, அதனால வெள்ளக்காரங்க மாதிரி மெல்லிசு மெல்லிசா சுருக்கம் சீக்கிரம் விழாது, ஆனா கன்னத்துக் கொழுப்பு வத்தி சதை கீழ இறங்குறது நல்லா தெரியும். அப்படி வத்துன முகத்த வெறுமனே இழுத்துக் கட்டுனா காஞ்ச மாதிரி ஆயிடும், வயித்துலருந்தோ தொடையிலருந்தோ கொஞ்சம் கொழுப்ப எடுத்து கன்னத்துல ஊசி மூலமா சேத்து குடுக்க வேண்டி வரும். இப்போ வெயிட் குறைக்கிற ஊசி போட்டுட்டு முகம் தொங்கிப்போய் வர்றவங்களுக்கும் இதே கதைதான், அவங்ககிட்ட முதல்ல ஆறு மாசம் எடை ஒரே மாதிரி நிக்கட்டும்னு சொல்லி அனுப்புறேன்.

சரி, டெக்னிக் என்னன்னு பாப்போம். 1901-ல ஜெர்மனில ஹோலாண்டர்னு ஒரு டாக்டர் காது பக்கம் தோல வெட்டி எடுத்துட்டு தச்சு விட்டார்னு சொல்வாங்க, அதுக்கப்புறம் ரொம்ப வருஷம் எல்லாரும் தோல மட்டும்தான் இழுத்துக்கிட்டு இருந்தாங்க. கயித்துக் கட்டில் தொய்ஞ்சு போச்சுன்னா மேல விரிச்ச பெட்ஷீட்ட எவ்ளோ இழுத்து சொருகினாலும் பள்ளம் போகுமா? கயித்தத்தான் இறுக்கணும். தோல் இழுபடுற பொருள், கொஞ்ச நாள்ல மறுபடி தளரும், அதுக்குள்ள தழும்பு அகலமாகும், காதுமடல் கீழ இழுத்துக்கிட்டு வரும், முகம் காத்துல நிக்கிற மாதிரி ஒரு லுக் வேற.

அந்தக் கயிறு என்னன்னா, தோலுக்கும் கொழுப்புக்கும் அடியில மொத்த முகத்துக்கும் ஒரு படலம் ஓடுது. கழுத்துல இருக்கிற பிளாட்டிஸ்மா தசையோட அது ஒரே விரிப்பா சேந்திருக்கும். 1976-ல பாரிஸ்ல மிட்ஸ், பெரோனி ரெண்டு பேரும் அத விவரிச்சு ஸ்மாஸ்னு பேர் வெச்சாங்க. அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே ஸ்வீடன்ல ஸ்கூக் இந்த ஆழத்துல வேலை செஞ்சு காட்டிட்டாரு. இன்னிக்கு இருக்கிற கிட்டத்தட்ட எல்லா மெத்தடும் இந்த ஸ்மாஸ என்ன பண்றாங்கங்கிறதுலதான் வித்தியாசப்படுது. சிலர் அத மடிச்சு தையல் போடுவாங்க, சிலர் ஒரு பட்டை வெட்டி எடுத்துட்டு ரெண்டு விளிம்பையும் சேத்து தைப்பாங்க. டீப் பிளேன்ங்கிற மெத்தட்ல ஸ்மாஸுக்கு அடியிலயே போயி, முகத்த எலும்போட பிடிச்சு வெச்சிருக்கிற லிகமென்ட்கள விடுவிச்சு, தோலும் படலமும் ஒண்ணா மேல தூக்குவாங்க, 1990-ல ஹாம்ரா எழுதுனது அது. கவனிங்க, மேல தூக்குறது, பின்னால இழுக்கிறது இல்ல. தோல்ல இழுவிசையே இல்லாம தைக்கலாம்.

இப்போ இன்ஸ்டாவ பாத்துட்டு வர்றவங்க எல்லாரும் டீப் பிளேன்தான் வேணும்ங்குறாங்க. நல்ல டெக்னிக்தான், ஆனா முகத்த அசைக்கிற நரம்போட கிளைகள் அந்த ஆழத்துலதான் ஓடுது, அங்க பழகாத கை போனா சிரிக்கும்போது வாய் ஒரு பக்கம் கோணும். பெரும்பாலும் சில வாரம், சில மாசத்துல சரியாயிடும், அபூர்வமா சரியாகாமலும் போகும். பழகின கையில ஸ்மாஸ மடிச்சு தைக்கிறதே பல பேருக்கு போதும்ங்கிறது என் அபிப்பிராயம். எம்.எஸ். முடிச்சு மூணு வருஷம் எம்.சி.ஹெச் பிளாஸ்டிக் சர்ஜரி படிச்சவரா, மயக்க டாக்டர் கூட இருப்பாரா, இந்த ஆபரேஷன எத்தன பேருக்கு பண்ணிருக்கார், இதெல்லாம் கூச்சப்படாம கேளுங்க. டெக்னிக் பேர அப்புறம் கேக்கலாம்.

த்ரெட் லிஃப்ட், அதாவது வெட்டாம தோலுக்கு அடியில நூல் விட்டு தூக்குறது, அது பத்தி ஒரு வார்த்தை. நூல் கரையிற வரைக்கும் கொஞ்சம் தூக்கி காட்டும், பிடிஓங்கிற வகை நூல் ஆறு மாசம் போல இருக்கும், அவ்ளோதான். மூணு தடவ நூல் போட்டுட்டு கடைசில என்கிட்ட வந்த ஒருத்தருக்கு உள்ள எல்லாம் ஒட்டிக்கிட்டு, பிரிக்கவே ஒன்றரை மடங்கு நேரம் ஆச்சு.

ரிஸ்க்குன்னு பாத்தா அதிகமா வர்றது ரத்தம் கட்டுறதுதான், அதுவும் பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள்ள. ஆம்பளைங்களுக்கு தாடி வளர்ற தோல்ல ரத்த ஓட்டம் ஜாஸ்தி, பிபியும் சேந்தா கேக்கவே வேணாம். ஒரு பேஷன்ட், ஐம்பத்தெட்டு வயசு, ஆபரேஷன் நல்லா முடிஞ்சுது, ராத்திரி பதினோரு மணிக்கு வாந்தி எடுத்திருக்கார், நர்ஸ் போன் பண்ணி "சாருக்கு எடது பக்கம் மட்டும் டைட்டா இருக்குங்கிறார், வலிக்குதாம்"னாங்க. ஒரு பக்கம் மட்டும் வலின்னாலே நான் சட்டைய மாட்டிடுவேன். போய் பாத்தா கன்னம் கல்லு மாதிரி. தையல பிரிச்சு கட்டிய எடுத்து, கசியிற ரத்தக் குழாய அடைச்சு திரும்ப தச்சோம், தோல் பிழைச்சுது. மறுநாள் அவர் சம்சாரம்தான் சொன்னாங்க, தினம் பூண்டு மாத்திரையும் மீன் எண்ணெய் மாத்திரையும் சாப்புடுவாராம், ரெண்டுமே ரத்தம் உறையிறத குறைக்கக்கூடியது, "அது மருந்து இல்லையேன்னு சொல்லல டாக்டர்". அதுலருந்து நான் மாத்திரை லிஸ்ட் கேக்குறதே இல்ல, வீட்டுல இருக்கிற டப்பா அத்தனையையும் பையில போட்டு எடுத்துட்டு வாங்கன்னுடுறேன். இதயத்துக்கு ஆஸ்பிரின் சாப்புடுறவங்க நீங்களா நிறுத்திடாதீங்க, அத ஹார்ட் டாக்டர் சொல்லணும். சிகரெட், பீடி, வாயில போடுற புகையில எல்லாமே முன்னாடி நாலு வாரம் பின்னாடி நாலு வாரம் கூடாது, நிக்கோட்டின் போனா காதுக்குப் பின்னால தோல் கறுத்து செத்துப்போகலாம்.

தழும்பு காதைச் சுத்தி வரும். முன்னாடி தையல் ஒரு வாரத்துல, பின்னாடி பத்து நாள் வாக்குல பிரிப்போம். வீக்கம், கன்றல் அடங்க ரெண்டு மூணு வாரம், காதுமடல் மரமரன்னு இருக்கிறது சில மாசம் போகும், அதனால பொண்ணு கல்யாணம் அடுத்த மாசம்னு வராதீங்க. இறுக்கி பின்னல் போடுறவங்க, கொண்டை போடுறவங்க அத முதல்லயே சொல்லிடுங்க, காதுக்குப் பின்னால வெட்டுற கோட்ட அதுக்கு ஏத்த மாதிரி வளைப்போம். ஜிமிக்கி கனத்துல ஓட்டை நீண்டு போயிருந்தா அதையும் சொல்லுங்க, ஆனா அது தனியா சின்ன வேலை. ஆம்பளைங்களுக்கு வெட்டு காது முன்னாடி மடிப்புலயே இருக்கணும், காதுக்குள்ள கொண்டு போனா தாடி முடி காது மேல வந்து உக்காந்துக்கும், அப்புறம் தினம் காதையும் ஷேவ் பண்ணணும். டை அடிக்கிறவங்க ஆபரேஷனுக்கு முன்னாடியே அடிச்சுட்டு வந்துடுங்க, அப்புறம் ஒரு மாசத்துக்கு மேல அடிக்க முடியாது.

ஆபரேஷனுக்கு முன்னாடி நான் கேக்குற கேள்விகள்ல லேட்டா சேத்தது, ஏதாவது வேண்டுதல் பாக்கி இருக்கான்னு. எல்லாம் பேசி தேதி குறிச்சு கிளம்புற நேரத்துல ஒருத்தர் வாசல்ல நின்னு "தைப்பூசத்துக்கு பழனில மொட்டை போடணும், அது பரவால்லல்ல?"ன்னு கேட்டார். ஆபரேஷன் ஆகி ரெண்டு மாசத்துல மொட்டை அடிச்சா செவந்த தழும்பு காதைச் சுத்தி கோடு போட்ட மாதிரி தெரியும். தேதிய கேன்சல் பண்ணிட்டோம். மொட்டைய முடிச்சுட்டு, காத மூடுற அளவுக்கு முடி வளந்ததும் ஆவணில வந்தார்.