சேம்பர் மியூசிக் என்றால் என்ன? தமிழில் எப்படிச் சொல்வது?

மகளிர் தினம் வரும் மார்ச் மாதம் வந்தால் லண்டன், பெர்லின், நியூயார்க் போன்ற ஊர்களில் ஒரு வகைக் கச்சேரி அறிவிப்பு அடிக்கடி கண்ணில் படும்: பெண்கள் எழுதிய சேம்பர் மியூசிக் மட்டும் வாசிக்கும் கச்சேரி. ஃபானி ஹென்சல், கிளாரா ஷூமன், லூயீஸ் ஃபரான்க், ஏமி பீச், ரெபெக்கா கிளார்க் என்று பெயர்கள் வரிசையாக இருக்கும். சிம்பொனியும் ஆபராவும் இருக்கும்போது பெண்களைக் கொண்டாட ஏன் திரும்பத் திரும்ப சேம்பர் மியூசிக்கையே எடுக்கிறார்கள்? சில பேர் மட்டும் வாசிப்பதால் செலவு குறைவு என்பது ஒரு காரணம். பெரிய காரணம் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது, அதனால் சொல்லிலிருந்தே தொடங்கலாம்.

சேம்பர் நமக்குப் புதிய சொல் இல்லை. வக்கீல் சேம்பர் தெரியும், வீடு கட்டியவர்களுக்கு சேம்பர் செங்கல் தெரியும். மூலம் கிரேக்கம். அங்கே கமாரா என்றால் வளைவான கூரை, வளைவுக் கூரை போட்ட இடம். அது லத்தீனுக்குப் போய், இத்தாலிய மொழியில் காமெரா ஆகி, வெறும் 'அறை' என்ற பொருளுக்கு வந்துவிட்டது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனபோது சேம்பர். படம் எடுக்கும் கேமராவும் இதே சொல்தான். சிறு துளை வழியாக வெளிச்சம் விழும் இருட்டறைக்கு லத்தீனில் வைத்த பெயரின் மிச்சம் அது. இந்தியில் அறைக்குச் சொல்லும் கம்ராவும், இலங்கை மலையகத்தில் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயன்களின் அறையைச் சொல்லும் காம்பராவும் ஐரோப்பியர் கப்பலில் வந்த அதே குடும்பத்துச் சொற்கள்.

சரி, இசைக்கும் அறைக்கும் என்ன தொடர்பு? 17ஆம் நூற்றாண்டு இத்தாலியில் இசையை அது ஒலிக்கும் இடத்தை வைத்துப் பிரித்தார்கள்: தேவாலயத்துக்கு ஒன்று, நாடக அரங்குக்கு ஒன்று, அறைக்கு ஒன்று. 'மூசிக்கா டா காமெரா' என்பது அந்த மூன்றாவது. அறை என்றதும் நம் வீட்டு அறையை நினைக்கக் கூடாது, அது பிரபுக்களின் மாளிகைக் கூடம், பணக்காரர் வீட்டு வரவேற்பறை. வெனிஸில் பார்பரா ஸ்ட்ரோஸ்ஸி அப்படிப்பட்ட ஓர் அறையில்தான் பாடினார். அவர் வளர்ந்த, கவிஞர் ஜூலியோ ஸ்ட்ரோஸ்ஸியின் வீட்டில் எழுத்தாளர்களும் இசைக்காரர்களும் கூடுவார்கள், பாடுவது பார்பரா. 1644இல் தொடங்கி 1664 வரை தன் பெயரிலேயே எட்டு இசைத் தொகுதிகள் அச்சிட்டார். ஆண்களிலேயே பலர் அவ்வளவு அச்சிடாத காலம் அது.

ஆக, முதலில் இந்தச் சொல் இடத்தைத்தான் குறித்தது. எத்தனை பேர் வாசிக்கிறார்கள் என்பது பின்னால் சேர்ந்த பொருள். 18ஆம் நூற்றாண்டில் ஹைடன் போன்ற இசையமைப்பாளர்கள் இரண்டு வயலின், வயலினைவிடச் சற்றுப் பெரிய ஒரு வியோலா, இன்னும் பெரிய ஒரு செல்லோ என்ற நால்வர் அமைப்பை, அதாவது குவார்டெட்டை, நிலைநிறுத்தினார்கள். ஆர்கெஸ்ட்ராவில் ஒரே வரியைப் பத்துப் பன்னிரண்டு வயலின்கள் சேர்ந்து வாசிக்கும். இங்கே ஒரு வரிக்கு ஒரே ஆள், நடுவில் கோல் பிடித்து நடத்தும் கண்டக்டரும் கிடையாது. முதல் வயலின்காரர் மூச்சை இழுப்பதையும் வில்லைத் தூக்குவதையும் பார்த்து மற்ற மூவரும் ஒரே கணத்தில் எடுப்பார்கள். அறையே இல்லாமல் பெரிய மண்டபத்தில் வாசித்தாலும் இன்றைக்கு அது சேம்பர் மியூசிக்தான்.

சென்னையில் நம் சங்கீதக்காரர்கள் சொல்லும் 'சேம்பர் கச்சேரி' பழைய பொருளிலேயே நிற்கிறது. ஒரு பாட்டு, ஒரு வயலின், ஒரு மிருதங்கம் என்ற நம் கச்சேரி ஆயிரம் பேர் உட்காரும் சபாவில் நடந்தாலும் ஆள்கணக்கில் சேம்பர் அளவுதான். ஆனால் மைக் இல்லாமல் சின்னக் கூடத்தில் நெருக்கமாக உட்கார்ந்து கேட்டால் மட்டுமே அதற்கு அந்தப் பெயர் தருகிறோம். மேற்கில் ஆளை எண்ணுகிறார்கள், நாம் இடத்தைப் பார்க்கிறோம்.

இப்போது அந்தப் பெண்களிடம் வருவோம். சிம்பொனி எழுதினால் அதை வாசிக்க ஐம்பது அறுபது பேர் வேண்டும், அவர்களுக்குக் காசு கொடுக்கும் அமைப்பு வேண்டும், பெண் எழுதியதை மேடையேற்ற ஒருவர் துணிய வேண்டும். அறைக்கு எழுத இவை எதுவும் வேண்டாம். வீட்டில் பியானோ இருக்கிறது, வயலினும் செல்லோவும் வாசிக்கும் நண்பர்கள் வருவார்கள். வசதியான குடும்பத்துப் பெண்ணுக்கு 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பா திறந்துவைத்த கதவு பெரும்பாலும் இந்த ஒன்றுதான்.

ஃபானி ஹென்சலை எடுத்துக்கொள்ளுங்கள். புகழ்பெற்ற ஜெர்மன் இசையமைப்பாளர் ஃபெலிக்ஸ் மெண்டல்சோனின் அக்கா, தம்பிக்குக் கிடைத்த அதே ஆசிரியர்களிடம் பாடம் படித்தவர். 1820இல், அவருக்குப் பதினான்கு வயதிருக்கும்போது அப்பா ஒரு கடிதம் எழுதினார்: ஃபெலிக்ஸுக்கு இசை தொழிலாகலாம், உனக்கு அது அலங்காரமாக மட்டுமே இருக்க முடியும், இருக்க வேண்டும். அவருடைய பாடல்கள் சில தம்பியின் பெயரில் அச்சேறின. 1842இல் பக்கிங்ஹாம் அரண்மனையில் விக்டோரியா மகாராணி தனக்குப் பிடித்த மெண்டல்சோன் பாட்டு என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பாட, அது அக்கா எழுதியது என்று ஃபெலிக்ஸ் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

ஃபானி செய்தது என்னவென்றால், கிடைத்த அறையைப் பெரிதாக்கினார். பெர்லினில் லைப்சிகர் தெரு 3ஆம் எண் வீட்டுத் தோட்டக் கூடத்தில் ஞாயிற்றுக்கிழமைக் கச்சேரிகள் நடத்தினார். நூறு பேருக்கு மேல் கூடுவார்கள், டிக்கெட் கிடையாது. நிகழ்ச்சியைத் திட்டமிடுவது, பியானோ வாசிப்பது, பாடகர் குழுவை நடத்துவது எல்லாம் அவர்தான். பியானோ, வயலின், செல்லோ மூன்றும் சேர்ந்து வாசிக்கும் அவருடைய டி மைனர் பியானோ டிரியோ 1847 ஏப்ரலில் தங்கை ரெபெக்காவின் பிறந்தநாளுக்கென்று அங்கேதான் முதலில் வாசிக்கப்பட்டது. தொடக்கத்தைக் கேளுங்கள்: பியானோ அடியில் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும், அதன் மேல் வயலினும் செல்லோவும் ஒரே மெட்டை இரண்டு ஸ்தாயியில் சேர்ந்து நீளமாக இழுத்துக்கொண்டு வரும். அலங்காரத்துக்கு எழுதியவர் இப்படித் தொடங்க மாட்டார். அடுத்த மாதம், மே 14 அன்று, ஞாயிற்றுக்கிழமைக் கச்சேரிக்கான ஒத்திகையில் பக்கவாதம் வந்து இறந்துபோனார். வயது 41. டிரியோ அச்சானது 1850இல்.

அதே காலத்தில் கிளாரா ஷூமன். ஐரோப்பா முழுக்கப் பெயர் பெற்ற பியானோ கலைஞர், அவரே இருபது வயதில் நாட்குறிப்பில் எழுதுகிறார், பெண் இசை எழுத ஆசைப்படக் கூடாது, இதுவரை ஒருத்தியாலும் முடிந்ததில்லை, நான் மட்டும் எப்படி என்று. அப்படி எழுதியவர்தான் 1846இல் ஜி மைனர் டிரியோவை முடித்தார். அதன் கடைசிப் பகுதியில், ஒரு குரல் எடுத்த மெட்டை அடுத்த குரல் துரத்திப் பிடிக்கும் ஃபியூக் பாணி இடம் ஒன்று வருகிறது. இளைஞனாக அதைக் கேட்ட வயலின் மேதை யோவாகிம், இதைப் பெண் எழுதியிருக்க முடியும் என்று நம்பவில்லை. மெண்டல்சோன் அதற்குச் சிரித்தார் என்று பின்னாளில் யோவாகிமே எழுதியிருக்கிறார்.

அந்த யோவாகிமே 1850இல் பாரிஸில் லூயீஸ் ஃபரான்க்கின் ஒன்பது பேர் வாசிக்கும் நோனெட்டில் வயலின் பிடித்தார். ஃபரான்க் 1842 முதல் பாரிஸ் கன்சர்வேட்டரி என்ற இசைக் கல்லூரியில் பியானோ பேராசிரியர், அதே வேலைக்கு ஆண்களைவிடக் குறைந்த சம்பளம். நோனெட் பெரிய வெற்றி பெற்றதும் சமச் சம்பளம் கேட்டார், கிடைத்தது. மூன்று சிம்பொனிகளும் எழுதியவர் அவர். பிரான்ஸின் நுண்கலைக் கழகம் அவருக்கு இரண்டு முறை பரிசு கொடுத்தது, இரண்டும் சேம்பர் மியூசிக்குக்காகத்தான்.

20ஆம் நூற்றாண்டிலும் கதை முழுதாக மாறவில்லை. ரெபெக்கா கிளார்க் 1918இல் நியூயார்க்கில் தன் படைப்பு ஒன்றை ஆந்தனி டிரென்ட் என்ற ஆண் பெயரில் போட, விமர்சகர்கள் அந்த டிரென்டைப் பாராட்டினார்கள். மறு ஆண்டு, புரவலர் எலிசபெத் ஸ்ப்ரேக் கூலிட்ஜ் நடத்திய போட்டியில் பெயர் மறைத்து வந்தவற்றில் கிளார்க்கின் வியோலா சொனாட்டாவும் இசையமைப்பாளர் எர்னஸ்ட் பிளாக்கின் படைப்பும் சம வாக்குப் பெற்றன. கூலிட்ஜின் வாக்கு பிளாக்குக்குப் போனது. இரண்டாவது ஆள் பெண் என்று தெரிந்ததும், அது பிளாக்கே வைத்துக்கொண்ட புனைபெயர் என்றுகூடப் பேச்சு கிளம்பியது என்று கிளார்க் பிற்காலத்தில் சொன்னார்.

சரி, தமிழ். நேராகச் சொன்னால் 'அறை இசை'. 'கூட இசை' என்றால் 'கூட' வேறு பொருளுக்கு இழுக்கும். 'சிற்றரங்க இசை' புரியும், ஆனால் பெரிய அரங்கில் வாசித்தால் பொருந்தாது. எனக்கு மிகவும் ஆசை காட்டிய சொல் 'சிற்றிசை'. இறையனார் களவியல் உரை கடைச்சங்க நூல்களை அடுக்கும்போது கூத்தும் வரியும் சிற்றிசையும் பேரிசையும் என்கிறது. அந்த நூல்கள் நமக்குக் கிடைக்கவில்லை, பெயர் மட்டும் இருக்கிறது. ஆர்கெஸ்ட்ராவுக்குப் பேரிசை, சேம்பர் மியூசிக்குக்குச் சிற்றிசை என்று வைத்தால் எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது!

ஆனாலும் வேண்டாம் என்பேன். ஏமி பீச்சின் 1907ஆம் ஆண்டுப் பியானோ குவிண்டெட்டைக் கேட்டுவிட்டு அதைச் 'சிறு' என்று சொல்ல வாய் வராது. ஐந்து வாத்தியம்தான், ஆனால் கொந்தளிப்பு ஒரு சிம்பொனிக்குப் போதும். பெண்கள் எழுதியது எல்லாம் சின்னது, மென்மையானது, வீட்டோடு சேர்த்தது என்று நூறு வருடத்துக்கு மேல் சொல்லிவந்த பேச்சுக்குத் தமிழில் இன்னொரு சொல்லைச் செய்து கொடுக்க வேண்டியதில்லை. 'அறை' வரலாற்றை உள்ளபடி சொல்கிறது, அளவைப் பற்றித் தீர்ப்புச் சொல்லவில்லை. சேர்த்து 'அறையிசை' என்று எழுதுங்கள். பறையறைதலில் வரும் அறை என்று ஒருவர் பொருள்கொள்ள இடமுண்டுதான், கச்சேரி அறிவிப்பில் அந்தக் குழப்பம் வராது.

அப்புறம் கம்போசர். வாக்கேயக்காரர் என்றால் சொல்லும் இசையும் சேர்த்து இயற்றுபவர், குவார்டெட்டில் சொல்லே கிடையாது. இசையமைப்பாளர் என்றதும் சினிமா நினைவு வரும், இருந்தாலும் எல்லோருக்கும் தெரிந்த சொல், அதையே வைத்துக்கொள்ளலாம். டிரியோ, குவார்டெட், குவிண்டெட்டுக்கு மூவர் இசை, நால்வர் இசை, ஐவர் இசை. இவற்றை மட்டும் சேர்த்து எழுதாதீர்கள், நால்வரிசை என்றால் நாலு வரிசை நாற்காலி ஆகிவிடும். கச்சேரி என்ற சொல்லை நாம் தாராளமாக எழுதலாம், இலங்கை வாசகருக்கு எழுதினால் 'இசை நிகழ்ச்சி' என்பது நல்லது, அங்கே கச்சேரி மாவட்ட அரசு அலுவலகம். ஆக அந்த மார்ச் மாத அறிவிப்பு தமிழில் இப்படி வரும்: 'பெண் இசையமைப்பாளர்களின் அறையிசை நிகழ்ச்சி. ஃபானி ஹென்சல், பியானோ மூவர் இசை, டி மைனர், 1847.'