பெட்டி அச்சுக்குப் போகும் முன் அந்தச் சின்னக் கோப்பைத் திறந்து பாருங்கள்

போன தீபாவளிக்கு முன்னால், என்னிடம் தொழில் பழக வந்த தம்பி ஒருவர் இனிப்புக் கடைக்கு அட்டைப்பெட்டி டிசைன் செய்திருந்தார். கடைப் பெயரின் எழுத்து கண்ணைப் பறித்தது. "இந்த ஃபான்ட் எங்க எடுத்தீங்க?" என்றேன். "கூகுள்ல இலவசத் தமிழ் ஃபான்ட்னு தேடினேன்ணே, வந்துச்சு."

ஜிப் கோப்பைப் பிரித்து, உள்ளே இருந்த டெக்ஸ்ட் ஃபைலைப் படிக்கச் சொன்னேன். மூன்றே வரி. சொந்த உபயோகத்துக்கு மட்டும்; வியாபாரத்துக்கு என்றால் உரிமம் வாங்க வேண்டும். அச்சுக்குப் போக இரண்டு நாள் இருந்ததால் எழுத்தை மாற்றிவிட்டோம். பெட்டி கடைக்குப் போன பிறகு சிக்கல் வந்திருந்தால், நம்மை நம்பி வேலை கொடுத்த கடைக்காரர்தான் பதில் சொல்லியிருக்க வேண்டும்.

இலவசமாக இறங்குவது வேறு, பயன்படுத்தும் உரிமை வேறு. தமிழ் எழுத்துருவுக்கு நான் முதலில் போவது கூகுள் ஃபான்ட்ஸ். அங்கே மொழியைத் தமிழ் என்று தேர்ந்தெடுத்தால் முக்தா மலர், கேட்டமரான், ஹிந்த் மதுரை, பவனம், நோட்டோ சான்ஸ் தமிழ் எல்லாம் கிடைக்கும். இவை திறந்த எழுத்துரு உரிமத்தில் வருபவை. லோகோ, பெட்டி, இணையதளம் எதிலும் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஃபான்டை மட்டும் தனியாக விற்கக் கூடாது. கேட்டமரானில் 9 தடிமன்கள் இருப்பதால் தலைப்பு முதல் விலைப்பட்டியல் வரை ஒரே குடும்பத்தில் முடித்துவிடலாம். கையெழுத்துச் சாயல் வேண்டுமா? இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் வடிவமைத்த கவிவனார் இருக்கிறது.

இவை யூனிகோடு (எந்தக் கருவியிலும் தமிழைத் தமிழாகவே அடையாளம் காணும் பொதுக் குறியீட்டு முறை) என்பது இன்னொரு நிம்மதி. பாமினி என்ற பழைய ஃபான்டில் அடித்த 'தமிழ்' என்ற சொல்லை வெப்சைட்டில் ஒட்டிப் பாருங்கள்: ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று ஆங்கில எழுத்துகளாக நிற்கும். கடைப் பெயரைத் தமிழில் தேடுபவருக்கு அந்தப் பக்கம் அகப்படவே அகப்படாது. பழைய ஃபைல்களை யூனிகோடுக்கு மாற்றி வைப்பது ஒரு நாள் வேலை, தள்ளிப் போடாதீர்கள்.

யூனிகோடில் அடித்ததும், பக்கம் வடிவமைக்கும் இன்டிசைன் மென்பொருளில் கொம்பு இடம் மாறி உட்கார்ந்தால் ஃபான்டைக் குறை சொல்ல வேண்டாம். பாராகிராஃப் பேனல் மெனுவில் வேர்ல்ட்-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுங்கள், சரியாகிவிடும். இது தெரியாமல் நல்ல ஃபான்டுகளை ஒதுக்கியவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன்.

படங்களுக்கு அன்ஸ்ப்ளாஷ், பெக்ஸல்ஸ் என்ற இலவசப் படத் தளங்கள் இரண்டிலும் வியாபார வேலைக்கும் எடுக்கலாம். ஆனால் படத்தில் அடையாளம் தெரியும்படி ஒரு முகம் இருந்தால், அவரே கடைக்காரரின் பொருளைப் பரிந்துரைப்பது போல விளம்பரம் போடக் கூடாது. விக்கிமீடியா காமன்ஸில் ஒவ்வொரு படத்துக்கும் உரிமம் வேறுபடும். கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பொது உரிமத்தில் சிசி பை வகை என்றால் எடுத்தவர் பெயரைக் குறிப்பிட வேண்டும். சிசி ஜீரோவுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கூகுள் படத் தேடலில் கண்ணில் பட்டதையெல்லாம் இழுத்துப் போடுவதை மட்டும் விட்டுவிடுங்கள்.

இப்போது எங்கள் அலுவலகத்தில் ஒவ்வொரு வாடிக்கையாளர் ஃபோல்டருக்குள்ளும் 'உரிமம்' என்று ஒரு சின்ன ஃபோல்டர் இருக்கிறது. ஃபான்டோடு வந்த டெக்ஸ்ட் ஃபைல், படம் எடுத்த பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், எடுத்த தேதி. அதைத் தொடங்கி வைத்தவர் அந்தத் தம்பிதான்.